கூரா, மொட்டையா: நெல்லின் பெயரும் அதன் பரம்பரையலகும்

வட இலங்கையின் வன்னியிலுள்ள பூநகரியின் மானாவாரி வயல்கள் அறுவடைக்கு வரும் தை மாதத்தில், வரம்பில் நின்றபடி ஒரு கதிரை ஒடித்து, அதிலிருந்து ஒரேயொரு மணியை உருவி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். நுனியில் விரலை உறுத்தும் கூர் இல்லை. உமி, கடைக்கு வரும் புதிய இன நெற்களைப்போல் வைக்கோல் மஞ்சளாக இல்லாமல், புகைபிடித்த கபிலமாக இருந்தது. நகத்தால் பிளந்தபோது உள்ளே அரிசியின் மேற்றோல் செங்கல் நிறம். இந்த மூன்றில் முதலிரண்டையும் நெல்லின் பெயரே சொல்லிவிடுகிறது: மொட்டைக்கறுப்பன். மூன்றாவதைச் சொல்வது அடுக்களை. ஆடிக்கூழுக்கும் கொழுக்கட்டைக்கும் பிட்டுக்கும் சிவப்புப் பச்சையரிசி மா வேண்டுமென்று கேட்கும் வீடுகளில் இந்த நெல்லுக்கு இன்றும் தனி மதிப்பு உண்டு.

கடந்த இருபது ஆண்டுகளில் நெல்லின் பிறப்புரிமையியலில் வெளிவந்த முக்கியமான கண்டுபிடிப்புகளில் பல, இத்தகைய பெயர்கள் முன்பே குறித்துவைத்திருந்த இயல்புகளுக்கு டி.என்.ஏ. எழுத்துகளில் காரணம் தேடியவையாகவே இருந்தன. நெல்லின் 12 நிறமூர்த்தங்களிலும் உள்ள ஏறத்தாழ 39 கோடி எழுத்துகள் 2005 இல் முதன்முறையாக முழுமையாக வாசித்து வெளியிடப்பட்டன. 2018 இல் உலகின் பல பகுதிகளிலிருந்தும் எடுக்கப்பட்ட 3,010 நெல்வகைகளின் முழு டி.என்.ஏ. தொகுதிகளை ஒப்பிட்ட பெரிய ஆய்வு வந்தது. எழுத்து இப்போது தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் எந்த எழுத்து எந்த வயலில், எந்த மழைக்கு, எந்தப் பூச்சிக்கு முன்னால் என்ன வேலை செய்தது என்ற விபரத்தில் ஒரு பங்கு பெயர்களிலும், அந்தப் பெயர்களைச் சொன்னவர்களின் நினைவிலும்தான் இருந்தது. வன்னியைப் பொறுத்தவரை எழுத்தும் இந்த விபரமும் வெவ்வேறு வழியில் சென்றுவிட்டன.

பெயரிலிருந்தே தொடங்கலாம். தாவரங்களுக்கு மக்கள் வழங்கும் பெயர்களை மெக்சிக்கோவின் செல்டால் மாயா மக்களிடையே நீண்டகாலம் ஆராய்ந்த பிரென்ட் பெர்லின் என்ற மானிடவியலாளரும் அவருடன் பணியாற்றிய தாவரவியலாளர்களும் சுட்டிக்காட்டிய ஓர் ஒழுங்கு உண்டு: ஒரு பயிரோடு நெருங்கி வாழும் மக்கள், அதன் உள்வகைகளுக்குப் பெரும்பாலும் ஒரு தலைச்சொல்லும் அதற்கு ஓர் அடைமொழியுமாக இரண்டு சொற்களில் பெயரிடுகிறார்கள். லினேயசு 1753 இல் தாவரங்களுக்கெல்லாம் இருசொற்பெயர் வைத்தபோது செய்ததும் அமைப்பில் இதுவேதான். கறுப்பன் என்பது தலைச்சொல். மொட்டை என்பது அதைப் பிற கறுப்பன்களிலிருந்து பிரிக்கும் அடைமொழி. உமியின் நிறத்தைத் தலைச்சொல்லாகவும் கூரின் இன்மையை அடைமொழியாகவும் வைத்திருப்பதும் வேலை அனுபவத்திலிருந்து வந்ததாகவே தெரிகிறது. உமியின் நிறத்தைத் தூரத்திலிருந்தே காணலாம். கூர் இருக்கிறதா என்பதைக் கதிரைக் கையிலெடுத்தவருக்கும், சூடு மிதித்தபின் பொலியைக் கூட்டி அள்ளியவருக்கும், அந்தக் கூர் சட்டைக்குள் புகுந்து கடித்த இரவுகளை அறிந்தவருக்கும்தான் தெரியும்.

இதற்கு நேர்மாறாக, இலங்கையின் புதிய இனங்களின் பெயர்கள் செடியின் உடலைப்பற்றி எதுவும் சொல்வதில்லை. பீ.ஜி. என்றால் பத்தலகொட, ஏ.ரி. என்றால் அம்பலாந்தோட்டை, 352 என்றால் மூன்றரை மாத வகுப்பைச் சேர்ந்தது. பிறந்த இடமும் வயதும் மட்டும்தான். குளத்தில் எத்தனை அடி நீர் இருக்கிறது என்று பார்த்து எந்த வயது நெல்லை விதைப்பதென்று தீர்மானிக்கும் சிறுபோகக் கூட்டங்களுக்கு அது பயனுள்ள பெயர்முறை என்பதை மறுக்க முடியாது. கூர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அறுவடை இயந்திரத்துக்குச் சட்டை இல்லை.

கூரை முதலில் எடுத்துக்கொள்வோம். காட்டு நெல்லில் கூர் நீளமாகவும் பின்னோக்கிய சிறு முட்களுடனும் இருக்கிறது. விலங்கின் உரோமத்தில் ஒட்டிப் பரவுவதற்கும், மண்ணில் விழுந்தபின் நிலைகொள்வதற்கும், பறவைகளிடமிருந்து தப்புவதற்கும் அது உதவுகிறது. மனிதர் விதைத்து மனிதரே அறுக்கும் பயிருக்கு இவை வேண்டாத செலவு. ஏ.என்.-1 எனப்படும் பரம்பரையலகை 2013 இல் பிரித்தெடுத்த சீன ஆய்வாளர்கள், அது கூரை நீளச் செய்வதோடு கதிரிலுள்ள மணிகளின் எண்ணிக்கையைக் குறைக்கவும் செய்கிறது என்று காட்டினார்கள். ஆகவே மொட்டையான கதிரைத் தெரிந்து விதைக்கு எடுத்த முன்னோர், சூடு மிதிக்கும் வசதிக்காகவே அதைச் செய்திருந்தாலும், தாம் அறியாமலேயே மணி கூடிய கதிரையும் சேர்த்தே தெரிந்திருக்க வாய்ப்புண்டு.

உமியின் நிறத்துக்கும் இதே வகையான கதை இருக்கிறது, சற்றுச் சுருக்கமாக. காட்டு நெல்லின் கறுப்பு உமிக்குத் தேவையான பி.எச்.4 என்ற பரம்பரையலகில் 22 எழுத்துகள் உதிர்ந்துபோனதால்தான் பயிரிடப்படும் நெல்லில் பெரும்பான்மையின் உமி வைக்கோல் நிறத்துக்கு மாறியது என்பது 2011 இல் வெளியான முடிவு. வேறு சில நெற்களில் அதே பரம்பரையலகு வேறு இடங்களில் உடைந்திருக்கிறது. வயலில் நான் கண்ட கபிலம்போன்ற இடைப்பட்ட நிறங்களில் மற்றும் பல பரம்பரையலகுகளுக்கும் பங்குண்டு.

அரிசியின் சிவப்பில்தான் கதை கனதியாகிறது. சிவப்பைத் தருவது தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான பொருட்களோடு உறவுடைய ஒரு நிறப்பொருள். அது அரிசியின் மேற்றோலில் மட்டும் படிகிறது, ஆகவேதான் ஆலையில் தீட்டத் தீட்டச் சிவப்புத் தவிட்டோடு போய்விடுகிறது. அந்த நிறப்பொருளை ஆக்கும் வேலையைத் தொடக்கிவைக்கும் ஆர்.சி. என்ற பரம்பரையலகு ஏழாம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் சூசன் மக்கவுச்சின் குழு 2006 இல் அதைக் கண்டுபிடித்தபோது, வெள்ளை அரிசியில் அந்தப் பரம்பரையலகு காணாமற்போகவில்லை என்பதும், அதில் வெறும் 14 எழுத்துகளே உதிர்ந்திருந்தன என்பதும் தெரியவந்தது. அடுத்த ஆண்டில் அவர்கள் ஆராய்ந்த வெள்ளை அரிசி வகைகளில் 97.9 சதவீதமானவற்றில் இதே 14 எழுத்துகளின் இழப்பே காணப்பட்டது. உலகின் வெள்ளை அரிசியில் மிகப் பெரும்பகுதி, எங்கோ ஒரு வயலில் ஒரு தடவை நேர்ந்த ஒரே விகாரத்தின் வழிவந்தது என்பதே இதன் பொருள்.

பதினான்கு எழுத்துகள் ஏன் இவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்தன என்பதற்கு விடை எண்ணிக்கையில் இருக்கிறது. டி.என்.ஏ. மும்மூன்று எழுத்துகளாக வாசிக்கப்படுகிறது. "கதவு விறகு படகு" என்று இடைவெளியின்றி எழுதி, மூன்று மூன்று எழுத்தாகவே வாசிக்கவேண்டும் என்று விதி வைத்துக்கொள்வோம். அதில் "வு" ஒன்று விழுந்துவிட்டால் வாசிப்பு "கதவி, றகுப, டகு" என்றாகிவிடும். விழுந்தது ஓர் எழுத்து, கெட்டது அதற்குப் பின்னால் வந்த எல்லாச் சொற்களும். பதினைந்து எழுத்துகள் விழுந்திருந்தால் ஐந்து சொற்கள் குறைந்து மீதி ஒழுங்காக வாசிக்கப்பட்டிருக்கும். பதினான்கு விழுந்ததால் மீதி முழுவதும் குழம்பியது, புரதம் பயனற்றதாயிற்று, அரிசி வெளுத்தது. இந்தக் கணக்கு சரிதான் என்பதற்கு இயற்கையே ஒரு சாட்சி தந்தது. வெல்ஸ் என்ற அமெரிக்க வெள்ளை அரிசி இனத்தின் வயலில் எதிர்பாராமல் சிவப்பு அரிசிச் செடிகள் தோன்றின. ஆராய்ந்து பார்த்தபோது, பழைய 14 எழுத்து இழப்புக்குச் சற்று முன்னால் மேலும் ஓர் எழுத்து உதிர்ந்து, மொத்த இழப்பு பதினைந்தாகி, வாசிப்பு மீண்டும் ஒழுங்குக்கு வந்திருந்தது. இது 2008 இல் பதிவானது. 2019 இல் சீனாவில் இதையே கிறிஸ்பர் என்ற பரம்பரையலகு வெட்டும் முறையால் வேண்டுமென்றே செய்து, வெள்ளை அரிசியைச் சிவப்பு அரிசியாக மாற்றிக் காட்டினார்கள். சிவப்பரிசி உடலுக்கு நல்லது என்று நகரங்களில் விலை ஏறியபின் நடந்தது இது என்பதையும் பக்கத்தில் குறித்துவைக்கலாம்.

விவசாயிக்கு இதைவிட முக்கியமான ஒன்று 2011 இல் வெளிவந்தது. அமெரிக்காவில் சிங்-யூ கூவின் குழு, களையாக வளரும் சிவப்பு நெல்லை ஆராய்ந்து, விதை உறக்கத்தைக் கட்டுப்படுத்தும் ஓர் இடத்தை ஏழாம் நிறமூர்த்தத்தில் தேடிச் சென்றது. முடிவில் அவர்கள் வந்து நின்றது ஆர்.சி.யிடமே. சிவப்பைத் தரும் அதே பரம்பரையலகு, விதையில் அப்சிசிக் அமிலம் என்ற ஓமோனையும் கூட்டி, அதைச் சிலகாலம் முளைக்கவிடாமல் உறங்கவைக்கிறது. நிறமும் உறக்கமும் அருகருகே இருந்து சேர்ந்து வந்தவை என்று முன்னர் எண்ணப்பட்டது. இரண்டும் ஒரே கையின் வேலை என்பது அந்த ஆய்வின் முடிவு. எல்லாச் சிவப்பு நெல்லும் ஒரே அளவுக்கு உறங்கும் என்று இதற்குப் பொருளில்லை, ஏனெனில் உறக்கத்தைத் தீர்மானிக்கும் வேறு இடங்களும் நெல்லில் பல உண்டு. ஆயினும் வெள்ளை அரிசியை விரும்பித் தெரிந்தவர்கள், நிறத்தோடு உறக்கத்தின் ஒரு பங்கையும் விட்டுக்கொடுத்தார்கள்.

வன்னியில் இது ஏட்டுச் செய்தியாக நின்றுவிடுவதில்லை. காலபோக நெல் வடகீழ்ப் பருவமழையோடு வளர்ந்து தையிலும் மாசியிலும் அறுவடைக்கு வருகிறது. மழை ஓய்ந்திருக்க வேண்டிய அந்த நாட்களில் மீண்டும் ஒரு தாழமுக்கம் வந்துவிட்டால், முற்றிய கதிர் நீரில் சாய்ந்து, உறக்கமில்லாத மணிகள் கதிரிலேயே முளைவிடத் தொடங்கிவிடும். வாசலில் படங்கு விரித்துக் காயவைத்த நெல்லில் வெள்ளை வேர் எட்டிப்பார்க்கும் காட்சியை அறியாத வயற்காரர் இங்கே குறைவு. உறங்கும் நெல் அந்த ஒரு கிழமையைக் கடத்திவிடும். மறுபுறம், அறுத்த நெல்லை அடுத்த சில நாட்களில் சிறுபோகத்துக்கு விதைக்க வேண்டியவருக்கு அதே உறக்கம் இடையூறு. ஆண்டுக்கு ஒரு போகம் மட்டும் விளையும் மானாவாரி நிலத்தில், விதைநெல்லைக் கொம்பறையில் எட்டு மாதம் வைத்திருந்த காலத்தில் அந்த இடையூறு இருக்கவில்லை. குளப்பாசனத்தில் இரண்டு போகம் என்று வந்தபோது உறக்கம் குறையாயிற்று.

ஆர்.சி.யின் மறுமுகம்தான் பன்றிநெல். 1990களிலிருந்து இலங்கையின் உலர்வலய வயல்களில் பெருகியுள்ள இந்தக் களைநெல், பயிர்நெல்லும் அதன் காட்டு உறவுகளும் கலந்ததன் விளைவாகப் பார்க்கப்படுகிறது. குளக்கட்டுகளின் ஓரத்திலும் நீர்தேங்கும் பள்ளங்களிலும் வளரும் காட்டு நெல்வகைகள் சில இலங்கையில் உண்டு. அவற்றில் ஒன்றான ஒரைசா ரைசோமாற்றிசு, நிலத்தடித் தண்டால் வறட்சியைக் கடக்கும், இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இயற்கையில் காணப்படாத இனம். பன்றிநெல்லின் மணி முற்றும் முன்னரே உதிர்கிறது, உதிர்ந்தது சிவப்பாக இருக்கிறது, சிவப்பானது மண்ணில் பல மாதம் உறங்குகிறது, உறங்கியது அடுத்த விதைப்போடு எழும்புகிறது. பயிர்நெல் உதிராமல் இருப்பதற்குக் காரணமான மாற்றங்களுள் முதன்மையான ஒன்று, எஸ்.எச்.4 என்ற பரம்பரையலகில் ஒரேயோர் அமினோ அமிலம் மாறியது என்று 2006 இல் காட்டப்பட்டது. பத்தாயிரம் ஆண்டு வேளாண்மை அவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது.

விதைநெல்லைத் தாமே வைத்துக்கொள்பவர்களுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது, அதைச் சற்று விரித்துச் சொல்வது நல்லது. அரிசியின் மேற்றோல் தாய்ச் செடியின் இழையம். அதன் நிறத்தைத் தீர்மானிப்பது தாய், உள்ளே இருக்கும் முளையத்தின் தகப்பனுக்கு அதில் இடமில்லை. வெள்ளை அரிசிச் செடியின் பூவில் பன்றிநெல்லின் மகரந்தம் விழுந்தால், அவ்வாண்டு உருவாகும் மணி வெள்ளையாகவே இருக்கும். உமி நீக்கி மாதிரி பார்த்தாலும் குறை தெரியாது. அதை விதைத்து வளர்ந்த செடியின் மணிகள்தான், சிவப்பு மேலோங்கும் இயல்பாதலால், அத்தனையும் சிவப்பாக வரும். நெல்லில் தன்மகரந்தச் சேர்க்கையே வழக்கம், இத்தகைய கலப்பு குறைவு. ஆனால் விதை சுத்தமாகத்தானே இருந்தது, இது எங்கிருந்து வந்தது என்று அடுத்த ஆண்டு வரம்பில் நின்று திகைப்பவருக்கு, ஒரு பங்கு விடை சென்ற ஆண்டின் அயல் வயலில் இருக்கக்கூடும். மறு பங்கு பெரும்பாலும் வயலுக்கு வயல் கழுவப்படாமல் போகும் அறுவடை இயந்திரத்தில் இருக்கிறது.

இனி வெள்ளம். 2018 டிசெம்பர் பிற்பகுதியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெய்த பெருமழையின்போது இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, காலபோக வயல்கள் நீரில் மூழ்கின; 2024 நவம்பர் இறுதியிலும் வடக்கில் இளம்பயிர் நீரின் கீழ் கிடந்தது. நெல் நீரில் நிற்கும் பயிர்தான், ஆனால் நீரின் கீழ் கிடக்கும் பயிர் அல்ல. செடி முழுமையாக மூழ்கும்போது, அது வெளிவிடும் எதிலீன் வாயு நீரினூடாகப் பரவ முடியாமல் இழையங்களுக்குள் தேங்குகிறது. தேங்கிய எதிலீன், கிபரெலின் என்ற வளர்ச்சி ஓமோனின் வேலையைத் தூண்ட, செடி மேலே எட்டுவதற்காகத் தன் சேமிப்பையெல்லாம் செலவழித்து நீள்கிறது. ஆழமான நீரில் மாதக்கணக்காக நிற்கும் மிதவை நெல்லுக்கு இது வாழும் வழி. ஒரு கிழமையிலோ பத்து நாட்களிலோ வடியும் வெள்ளத்தில் அகப்பட்ட சாதாரண நெல்லுக்கோ இதுவே சாவு. நீர் வடிந்தபின் நீண்டு மெலிந்த தாள் நிமிர முடியாமல் சேற்றில் படுத்துவிடுகிறது.

ஒடிசாவில் நெடுங்காலமாகப் பயிரிடப்பட்ட தால்புட்டியா என்ற நெல்லிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டு, வெள்ளத்தைத் தாங்குவது என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளோடு எப்.ஆர்.13ஏ என்று பெயர் மாற்றப்பட்ட இனம், இரண்டு கிழமைவரை மூழ்கிக் கிடந்தும் பிழைக்கிறது. அதன் இரகசியம் ஒன்பதாம் நிறமூர்த்தத்தில் இருப்பதை 1996 இல் கெனொங் சூவும் டேவிட் மக்கிலும் காட்டினர்; சப்1ஏ என்ற பரம்பரையலகே அது என்பதை 2006 இல் அவர்களும் பமெலா ரொனால்டும் சேர்ந்து வெளியிட்டனர். சப்1ஏ செய்வது நீளாதே என்று செடியை அடக்குவது. எதிலீன் தேங்கும்போது அது விழித்துக்கொண்டு கிபரெலினின் கட்டளையைத் தடுக்கிறது. செடி இருந்த உயரத்திலேயே சேமிப்பைக் காத்துக்கொண்டு அசையாமல் கிடந்து, நீர் வடிந்தபின் மீண்டும் துளிர்க்கிறது. பசுமைப் புரட்சியின் குட்டை நெற்களில் பெரும்பாலானவற்றில் இருக்கும் எஸ்.டி.1 என்ற விகாரமும் கிபரெலினைக் குறைப்பதுதான். ஆனால் அது செடியை ஆயுள் முழுக்கக் குட்டையாக்குகிறது, வைக்கோலையும் சேர்த்து. கூரை வேயவும் மாட்டுக்குப் போடவும் நெடிய வைக்கோலை நம்பியிருந்த வீடுகள் அதை உடனே உணர்ந்தன. சப்1ஏயோ ஆபத்து வரும்போது மட்டும் செடியை அடக்குகிறது. அதை இந்தியாவில் பரவலாகப் பயிரிடப்படும் சுவர்ணா நெல்லுக்குள் மரபுவழிக் கலப்பினாலேயே, பரம்பரையலகுக் குறிகளைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்து, 2009 இல் வெளியிட்டார்கள்.

இந்தக் கதையில் நமக்கு நெருக்கமான பெயர் ஒன்று அடிக்கடி ஓரமாக வந்துபோகிறது. பிலிப்பைன்சின் லொஸ் பானோசில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1970களிலிருந்து ஆயிரக்கணக்கான நெல்வகைகளைத் தொட்டிகளில் மூழ்கடித்துப் பார்த்தபோது, எப்.ஆர்.13ஏயோடு சேர்ந்து பிழைத்த சிலவற்றில் இலங்கையிலிருந்து சென்றவையும் இருந்தன. கொட ஹீனெட்டி, தவலு என்பவை அவற்றில் இரண்டு. மூன்றாவதை ஆய்வேடுகள் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் முறையை அப்படியே தமிழில் பெயர்த்தால் "குர்கருப்பன்" என்று வருகிறது.

கருப்பன் நமது கறுப்பன் என்பதில் ஐயமில்லை. முதற்பாதிதான் சிக்கல். கே, யு, ஆர் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்குள் எந்தத் தமிழ்ச் சொல்லும் ஒளிந்துகொள்ளலாம். அது குறு என்றால் குட்டையான அல்லது குறுகிய மணியுடைய கறுப்பன். குரு என்றால் வேறு ஏதோ. கூர் என்றால் கூருள்ள கறுப்பன், அதாவது மொட்டைக்கறுப்பனுக்கு நேரெதிர். எனது சாய்வு கூரின் பக்கம். அடைமொழி எப்போதும் ஏதோ ஒன்றிலிருந்து பிரிப்பதற்காகவே வருகிறது, கறுப்பன்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்த அளவுகோல்களில் கூர் இருந்தது என்பதற்கு மொட்டை என்ற சொல்லே சான்று. இரண்டு பெயரிலும் கறுப்பன் இருப்பதால் இரண்டும் உறவினர் என்றோ, ஒன்றிலுள்ள வெள்ளம் தாங்கும் இயல்பு மற்றதிலும் இருக்கும் என்றோ முடிவுகட்டிவிடக் கூடாது. ஒரே பெயரில் பரம்பரையலகுகள் வேறுபட்ட நெல்லும், வெவ்வேறு பெயரில் ஒரே நெல்லும் விதைச் சேகரிப்புகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கின்றன.

இலங்கை நெற்கள் உலகுக்குக் கொடுத்தது இது ஒன்று மட்டுமல்ல. வயற்காரர் அறக்கொட்டியான் என்று சொல்லும் கபிலத் தத்தியைத் தாங்கும் ரத்து ஹீனெட்டியிலிருந்து, அருகருகே அமைந்த மூன்று பரம்பரையலகுகள் 2015 இல் பிரித்தெடுக்கப்பட்டன. சாற்றை உறிஞ்ச வரும் பூச்சியைச் செடி உணர்ந்துகொள்ள அவை உதவுகின்றன. ரத்து என்றால் சிங்களத்தில் சிவப்பு. அங்கும் பெயர் நிறத்தைச் சொல்லிற்று; பூச்சியைத் தாங்குவதைச் சொல்லவில்லை. அதைப் பயிரிட்டவர்கள் அறிந்திருந்தார்களா என்று சேகரித்தவர்கள் கேட்டார்களா என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்வி வன்னியில் கூர்மையாவதற்குக் காரணம் 2008, 2009 இடப்பெயர்வு. மேற்கே மன்னார் வயல்களிலிருந்து கிழக்கே முல்லைத்தீவுக் கடற்கரைவரை ஊர் ஊராகப் பெயர்ந்த மக்கள், அவ்வாண்டுக் காலபோகத்தைப் பல இடங்களில் விதைக்கவே இல்லை. விதைத்தவர்களில் பலர் அறுக்கவில்லை. நெல் ஒரு பருவம் விதைக்கப்படாவிட்டால் அடுத்த பருவத்துக்கு விதை இல்லை. வீட்டில் வைத்த விதைநெல்லின் முளைதிறன் ஈரமும் வெப்பமும் சேர்ந்த நமது காலநிலையில் ஓரிரு ஆண்டுகளுக்குள் சரிந்துவிடும். மீளக்குடியமர்ந்தபோது உதவியாகக் கையில் கொடுக்கப்பட்டவை புதிய இன விதைப் பொதிகள். அன்றைய தேவைக்கு அது சரியே. பசியோடு திரும்பியவர்களுக்கு மூன்றரை மாதத்தில் விளையும் நெல் வேண்டியிருந்தது. மானாவாரி வயல்களும் அவற்றுக்கேற்ற உணவுப் பழக்கமும் நிலைத்திருந்த பூநகரி போன்ற இடங்களில் மொட்டைக்கறுப்பன் மீண்டது.

வயலில் மறைந்த நெல், சேகரிக்கப்பட்டிருந்தால், களஞ்சியத்தில் இருக்கும். கன்னொறுவையில் 1988 இல் நிறுவப்பட்ட தாவரப் பிறப்புரிமை வளங்கள் நிலையம் இலங்கையின் பயிர்விதைகளை உலர்த்திக் குளிரில் காக்கிறது. லொஸ் பானோசின் களஞ்சியத்தில் உலகெங்குமிருந்து 130,000 க்கு மேற்பட்ட நெல் மாதிரிகள் உள்ளன. குளிரில் வைத்த விதை பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். அதனோடு வைக்கப்படும் பதிவுத்தாளில் பெயருக்கும், சேகரித்த ஊருக்கும், திகதிக்கும், கடல்மட்டத்திலிருந்து உயரத்துக்கும் நிரல்கள் உண்டு. எந்தக் காணியில் போடுவது, புழுதியில் விதைப்பதா சேற்றில் விதைப்பதா, மழை பிந்தினால் என்ன செய்யும், எதற்குச் சமைப்பது என்பவற்றுக்குக் குறிப்பு என்ற கடைசி நிரல் ஒன்றுதான். இப்போது விதையைத் தொடாமலேயே அதன் டி.என்.ஏ. வரிசையைக் கணினியில் இறக்கிப் பயன்படுத்தலாம். அதனால் வரும் இலாபத்தில் விதையைக் காத்த சமூகங்களுக்குப் பங்கு தருவதற்கென்று 2025 பெப்ரவரியில், கொலம்பியாவின் காலி நகரத்தின் பெயரால் காலி நிதியம் என்ற சர்வதேச ஏற்பாடு தொடங்கப்பட்டது. பங்கு கேட்டு எவராவது போவதென்றால், எந்தச் சமூகம், எந்த ஊர் என்பதற்கு அந்தப் பதிவுத்தாள்தான் சான்று. அதிலோ பெயரே உடைந்து கிடக்கிறது.

குர்கருப்பனின் முதற்பாதியை அறிவது மிகச் சிறிய வேலை. பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. களஞ்சியத்திலிருந்து ஒரு பிடி விதையை வாங்கி, விதைத்து, கதிர் வரும்வரை காத்திருந்து, நுனியில் கூர் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பூநகரி வயலின் சொந்தக்காரரிடம் இதைச் சொல்லி, கூர்க்கறுப்பன் என்று ஒரு நெல்லை அவர் கேள்விப்பட்டிருக்கிறாரா என்று கேட்டேன். எழுபதைத் தாண்டிய அவர் கையிலிருந்த கதிரை இரண்டு தடவை உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நான் விதைக்கேல்லைத் தம்பி. ஆனா ஒண்டை மொட்டை எண்டு பிரிச்சுச் சொன்னவை எண்டா, பக்கத்து வயலில கூரோடை மற்றது நிண்டிருக்கத்தானே வேணும்."